எதிரி இல்லாத உறுப்பினர்

தோட்டவெளிக் கிறகரியைப் போலத் துவக்குகளை அறிந்தவர்கள் மன்னார்த் தீவில் குறைவு. ஆனால் அந்த அறிவெல்லாம் ஒரே பக்கத்தில் நின்று பெற்றது. ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் நாலு விதமான சீருடைகளுக்கு முன்னால் கைகளை உயர்த்தி நின்றிருக்கிறார். சீருடை போடாதவர்களையும் சேர்த்தால் தொகை கூடும். துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளம், வாய் எவ்வளவு அகலம், வெயிலில் எப்படி மினுங்கும் என்பதெல்லாம் முன்பக்கத்திலிருந்து அவருக்கு மனப்பாடம். பின்பக்கத்தில் நிற்பவருக்கு உலகம் எப்படித் தெரியும் என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை, துவக்குகள் ஓய்ந்து பல வருடங்கள் கழித்து, அவர் பிரதேச சபை உறுப்பினரான பிறகுதான் வந்தது.

கிறகரி கடற்கரையில் ஓலைக் கொட்டிலில் வாடி வைத்து நண்டு வாங்குகிறவர். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் வலையிலிருந்து கழற்றிய நண்டுகளைத் தரம் பிரித்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பத்து மணிக்குள் லொறியில் ஏற்றிவிடுவார். உயிர் நண்டின் காலை வெறுங்கையால் மடக்குவதில் அவரை வெல்ல ஆளில்லை. இரண்டு தேர்தலில் தோற்று, மூன்றாவதில் சுயேச்சைக் குழுவில் மேசை விசிறிச் சின்னத்தில் நின்று வென்றார். ஒருவரோடும் பகைக்காத மனுசன் என்பதால் வென்றார் என்கிறார்கள். முதல் இரண்டு தடவை தோற்றதற்கும் அதே காரணத்தைத்தான் சொன்னார்கள். சபையில் அவர் கொண்டுவந்து நிறைவேறிய ஒரே பிரேரணை, வீதியில் படுத்துக்கிடக்கும் கழுதைகளின் கழுத்தில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி கட்டுவது. கட்டப்போன ஊழியர்கள் இருவர் உதை வாங்கினார்கள். ஆனாலும் பிரேரணை நிறைவேறியது நிறைவேறியதுதான்.

துவக்கைப் பற்றிய அவருடைய கொள்கை சந்தியில் அஸ்மியின் தேத்தண்ணிக் கடையில் பிறந்து, வளர்ந்தபின் சபைக்குப் போனது.

"இந்த நாட்டில பொலிசிட்டத் துவக்கு இருக்கு. ஆமியிட்ட இருக்கு, நேவியிட்ட இருக்கு. கள்ளனிட்டயும் இருக்கு. வெறுங்கையோட நிக்கிறது ஆர்? வாக்குப் போட்டவனும் வாக்கு வாங்கினவனும்!"

"அப்ப எல்லாருக்கும் குடுக்கச் சொல்லுறீங்களா அண்ணன்?" என்று அஸ்மி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எல்லாருக்கும் எண்டா? குடிகாரனுக்கு வேண்டாம். கோவக்காரனுக்கு வேண்டாம். முப்பது வயசுக்குக் கீழ வேண்டாம். மச்சானோட காணிச் சண்டை உள்ளவனுக்குக் கட்டாயம் வேண்டாம்."

"அப்ப ஊரில நீங்கள் ஒராள்தானே மிஞ்சுறீங்கள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

வீட்டில் இந்தக் கொள்கைக்கு வாக்கு விழவில்லை. மனைவி பெற்றிசியா கேட்ட முதல் கேள்வியே, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அதை எங்கே வைப்பது என்பதுதான்.

"இடுப்பிலதான். ஆண்டவற்ற முதல் சீடர் இராயப்பரே வாள் வைச்சிருந்தவர். அதுவும் ஆண்டவருக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு."

"அதால என்னத்தைப் பெரிசா வெட்டினவர்? ஒரு காது. அதையும் ஆண்டவர்தான் திருப்பி ஒட்டவேண்டி வந்தது. இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கண்ணாடி இல்லாட்டி நண்டுக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் ஆரின்ர காதை எடுக்கப்போறீங்களோ!"

கொள்கை அத்தோடு தேத்தண்ணிக் கடையிலேயே தங்கியிருக்கும். ஆனால் ஒக்டோபரில் கிறகரி, கடற்கரை மண்ணை ஏற்றிப்போகும் லொறிகளைப் பற்றிச் சபையில் இரண்டு வார்த்தை பேசினார். இரண்டே வார்த்தை. மறுநாள் காலையில் அவருடைய மோட்டார் சைக்கிளின் இரண்டு சில்லிலும் காற்று இல்லை. ஒரு கிழமை கழித்து மறுபடியும் இல்லை.

"ஒரு சில்லில போனா அது ஆணி. ரெண்டிலயும் போனா அது அரசியல்," என்றார் கிறகரி. சொல்லும்போது கவலைப்படுகிறவரைப் போலத்தான் முகத்தை வைத்திருந்தார். ஆனால் அன்று காலையில் அவர் வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்ததை வாடியில் எல்லோரும் கண்டார்கள். வெருட்டுவதற்கு உரிய ஆளாகத் தன்னை ஒருவன் மதித்திருக்கிறான்!

அடுத்த கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றிய விவாதத்தில் எழுந்தவர், "கௌரவ தவிசாளர் அவர்களே" என்று தொடங்கித் தற்காப்பில் போய் நின்றார். தன்னைக் காக்க முடியாதவன் மக்களை எப்படிக் காப்பான் என்று கேட்டார். முன்னொரு காலத்தில் பாராளுமன்றக்காரர்களுக்குக் கேட்காமலே கைத்துவக்குக் கொடுத்தார்களாம், பிரதேச சபைக்காரனின் உயிர் மட்டும் என்ன ஓட்டை வாளியா என்றார். முடிவில், தேவையில்லாமல் கிறிஸ்து பிறப்பைத் திகதியாகவும் வைத்தார்.

"நத்தாருக்கு முன்னம் என்ர இடுப்பில சட்டப்படி ஒரு கைத்துவக்கு இருக்கும். இல்லாட்டி இந்த விசயம் பற்றி இந்தச் சபையில வாய் திறக்கமாட்டன்."

மேசையில் தட்டியவர்கள் எதற்காகத் தட்டினார்கள் என்பது தெளிவில்லை. மறுநாள் கிறகரி மன்னார் நகருக்குப் போய் அகலமான தோல் பட்டி ஒன்று வாங்கி வந்தார்.

விண்ணப்பப் படிவத்தில் எல்லாம் சுலபமாகத்தான் போனது, ஒரு கேள்வி வரும் வரைக்கும். உயிருக்குள்ள அச்சுறுத்தலின் தன்மை என்ன, அது எவரால்? முதல் பாதிக்குச் சில்லுகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினார். இரண்டாவது பாதியை வெறுமையாக விட்டார். பொலிஸ் விசாரித்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று நினைத்தார். அதற்குத்தானே பொலிஸ்!

பொலிஸ் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, புதிதாக மாற்றலாகி வந்த சார்ஜனும் தமிழ் பேசும் இளம் பொலிஸ்காரர் ஒருவரும் அஸ்மியின் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். கிறகரி கடையின் பின்பக்கத்து வாங்குப் பலகையில் பருத்தித்துறை வடையும் பிளேன்ரீயுமாக இருந்தார். வந்தவர்களுக்கு அவருடைய முகம் தெரியாது. எழுந்து தன்னை அறிமுகப்படுத்துவதா, விசாரணை இயல்பாக நடக்க விடுவதா என்று அவர் யோசிப்பதற்குள் இளம் பொலிஸ்காரர் கேட்டுவிட்டார்.

"இங்க கிறகரி எண்டு ஒராள் இருக்கிறாரா? எப்பிடிப்பட்ட ஆள்?"

அஸ்மியின் கை நின்றது. கண் மட்டும் ஒரு கணம் பின்வாங்குப் பக்கம் வந்து, அசையாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

இதை விளங்கிக்கொள்ள அந்த ஊரில் முப்பது வருடம் இருந்திருக்க வேண்டும். சீருடை வந்து ஒருவரின் பெயரைச் சொல்லி விசாரித்தால், அது அவருடைய நன்மைக்காக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கே எவருக்கும் வராது. அப்படி ஒன்று நடந்ததாக எவருக்கும் ஞாபகமும் இல்லை. விசாரிக்கப்படுகிறவர் நல்லவர், ஒரு பிரச்சினையும் இல்லாதவர், மற்றதெல்லாம் தெரியாது. பதில் நாக்கிலேயே இருக்கும். மூளைவரைக்கும் போய்வரத் தேவையில்லை.

"கிறகரி அண்ணனா? தங்கமான மனுசன் சேர்," என்றார் அஸ்மி.

"அவருக்கு ஆரோடயும் பகை?"

"பகையா? அவருக்கா? நுளம்பு கடிச்சாலும் அடிக்கமாட்டார், ஊதித்தான் விடுவார்."

"மோட்டார் சைக்கிள் சில்லில காத்து…"

"இந்த வெயிலுக்குக் காத்து நிக்குமா சேர்? என்ர சைக்கிளும் அப்பிடித்தான்."

பின்வாங்கில் இருந்த கிறகரிக்கு வடை தொண்டையில் நின்றது. இருமலை அடக்கி, அஸ்மியைப் பார்த்துக் கையால் ஏதோ காட்டினார். அஸ்மி அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு படி மேலே போனார். ஊரில் சண்டை வந்தால் கிறகரி அண்ணன்தான் தீர்த்துவைப்பார், லொறிக்காரர்கூட அவருக்கு ஹோன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள் என்றெல்லாம் சொன்னார். சார்ஜன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரம் வரை விசாரணை வீடு வீடாக நடந்தது. ஐந்து மணியிலிருந்து ஆட்கள் கிறகரியின் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். எல்லோரும் அவரைக் காப்பாற்றிவிட்டு வந்திருந்தார்கள். பங்குச் சுவாமி வீட்டுச் சமையல்காரர், ஐஸ் விற்கிறவர், அவருக்கு எதிராகத் தேர்தலில் நின்று கட்டுக்காசு இழந்தவர். கடைசியாக வந்தவர்தான் வீட்டாரைத் திடுக்கிட வைத்தார். அடுத்த வளவு யசிந்தா, மழைத்தண்ணி ஓடும் வாய்க்கால் யாருடைய பக்கம் என்பதில் பதினொரு வருடமாகக் கிறகரியோடு கதைக்காதவர். கதைக்காதவர் என்றால் நேரே கதைக்காதவர். வேலிக்கு மேலால் கோழிக்குச் சொல்வதுபோல் தினமும் காலையில் அவருடைய பரம்பரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

யசிந்தா படலையைத் திறந்து நேரே விறாந்தைக்கு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"என்னட்டயும் வந்தவங்கள். 'உங்களுக்கும் அவருக்கும் ஏதோ வாய்க்கால் பிரச்சினையாமே' எண்டு கேட்டவங்கள். நான் சொன்னன், வாய்க்காலும் இல்லை, வரம்பும் இல்லை, அவர் எனக்குக் கூடப்பிறந்த சகோதரம் மாதிரி எண்டு." மூச்சு வாங்கினார். "நீங்கள் என்ன செய்தனீங்களோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா நான் காட்டிக்குடுக்கேல்லை. பயப்பிடாதைங்கோ."

கிறகரி அவருக்கு நன்றி சொன்னார். சொல்லாமல் என்ன செய்வது? பெற்றிசியா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போனவர், யசிந்தாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவர அரை மணித்தியாலம் எடுத்தார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அந்த இளம் பொலிஸ்காரர் பேசினார். குரலில் உண்மையான அனுதாபம் இருந்தது. "ஐயா, உங்கட அறிக்கையில உங்களுக்கு எதிரியே இல்லை. முப்பத்தொரு பேரை விசாரிச்சனாங்கள். இப்பிடி அனுப்பினாத் துவக்குக் கிடைக்காது. வியாழக்கிழமை மன்னாரில எங்கட பெரியவரிட்ட வாங்கோ. ஒரே ஒரு பேர் சொல்லுங்கோ. போதும்."

ஒரு பெயர். லொறிக்காரர்கள் எவரென்று கிறகரிக்கு உண்மையில் தெரியாது. யசிந்தா சகோதரமாகிவிட்டார். அடுத்த நாள் சபை மண்டபத்து நடையில் அமிர்தநாயகத்திடம் இந்தத் துன்பத்தைச் சொன்னார். அமிர்தநாயகம் எதிர்வரிசை உறுப்பினர். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர். துவக்குக் கொள்கைக்குச் சபையில் அவர்தான் பிரதான எதிர்ப்பாளர்.

"இதுக்கு ஏன் மச்சான் இவ்வளவு யோசிக்கிறாய்?" என்றார் அமிர்தநாயகம். "என்ர பேரைச் சொல்லு."

"உன்ரயோ!"

"சபையில உன்னை எதிர்க்கிறது நான். அது சபை அறிக்கையில இருக்கு. 'அமிர்தநாயகத்தால என்ர உயிருக்கு ஆபத்து' எண்டு சொல்லு. எனக்கும் உதவி மச்சான். மாகாண சபைக்கு ஆள் போடப்போறாங்கள். எங்கட கட்சியில என்னைப் பூனை எண்டு சொல்லுறாங்கள், தெரியுமோ? பொலிஸ் கூப்பிட்டு விசாரிச்ச ஆள் எண்டு வந்தா ஒரு மதிப்பு."

"நீ துவக்கு வேண்டாம் எண்ட ஆளெல்லே?"

"நான் வேண்டாம் எண்டு சொல்லுறது துவக்கை. என்னால ஆபத்து இருக்கக்கூடாது எண்டு நான் எப்ப சொன்னனான்?"

இருவரும் கைகொடுத்தார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று கிறகரி வீட்டில் வந்து சொன்னபோது பெற்றிசியா மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் பகிடிக்குச் சொல்லுறான். நீங்களும் பகிடிக்குச் சொல்லுவீங்கள். பொலிஸ் எழுதுற புத்தகத்துக்குப் பகிடி விளங்குமே?"

வியாழக்கிழமை கிறகரி புதுப் பட்டியைக் கட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனார். நத்தாருக்கு இன்னும் எட்டு நாள். பெரியவர் நாற்பத்தைந்து வயதுச் சிங்களவர். கொப்பி வைத்துப் படித்த தமிழை அவசரமில்லாமல் பேசினார். நல்ல மனுசன். மேசை விசிறியைக் கிறகரியின் பக்கம் திருப்பிவிட்டு, உங்கள் சின்னம் இதுதானே என்று கேட்டுச் சிரித்தார்.

"சரி, உறுப்பினர் ஐயா. உங்களுக்கு ஆபத்து இருக்கிறது என்று சொல்கிறீர்கள். அந்த ஆளின் பெயர்?"

அவர் தடித்த பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். பெயர், தகப்பன் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று கோடு போட்ட புதுப் பக்கம். பேனை பெயர் என்ற கட்டத்தின் மேல் வந்து நின்றது.

கிறகரி வாயைத் திறந்தார். அமிர்தநாயகம் என்பது அவ்வளவு கஷ்டமான பெயரும் அல்ல.

இருபத்தெட்டு வயதில் ஒருநாள், ஊரிலுள்ள ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வரிசைக்கு முன்னால் ஒரு கதிரை. கதிரையில், ஆட்களைக் காட்டிக்கொடுப்பதற்கென்று கொண்டுவந்த, தலையில் சாக்குப் போட்ட ஒருவன். சாக்கில் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்குத் தலை ஆடினால் ஒரு பக்கம், ஆடாவிட்டால் வீடு. கிறகரி நின்றார். ஓட்டைக்குள் இருந்த கண்ணை அவருக்குத் தெரியும்போல இருந்தது. தலை ஆடவில்லை. அவருக்கு முன்னால் நின்றவனுக்கு ஆடியது. அந்தக் காலத்துத் துவக்குகள் எல்லாம் இப்போது அவருக்குக் கதை சொல்லத்தான் உதவுகின்றன. அந்தக் கதிரையைப் பற்றி மட்டும் அவர் அஸ்மியின் கடையில்கூடச் சொன்னதில்லை.

"பெயர்?" என்றார் பெரியவர் மறுபடியும், அன்பாகவே.

"ஒருத்தருமில்லை சேர்."

"ஒருவரும் இல்லையா?"

"ஒருத்தருமில்லை. எனக்கு எதிரியெண்டு ஒரு சீவன் இல்லை."

"அப்படியானால் சில்லு?"

"வெயிலுக்குப் போயிருக்கும் சேர். எங்கட பக்கம் காத்து நிக்காது."

 பெரியவர் பேனையை மூடிவைத்தார். "இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். எதிரி இல்லாத அரசியல்வாதியை இன்றைக்குத்தான் காண்கிறேன். தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்."

தேநீரில் சீனி கூடிவிட்டது. ஆனாலும் கிறகரி முழுவதையும் குடித்தார். துவக்கு இனி இல்லை. சபையில் அந்த விசயத்தில் வாயும் இல்லை. எட்டு நாளில் ஊர் முழுக்கச் சிரிக்கும். இத்தனையும் தெரிந்திருந்தும், படியில் இறங்கும்போது ஏன் கால் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

வெளியே மதிலோரம் நிழலில் அமிர்தநாயகம் நின்றார். இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டு, மினுக்கிய காற்சட்டை, தலைக்கு எண்ணெய். அழைத்தால் உடனே போவதற்கு ஆயத்தமாக வந்திருந்தார்.

"என்ன மாதிரி மச்சான்? இப்பவே வரச் சொன்னவங்களோ, நாளைக்கோ?"

"உன்ர பேரைச் சொல்லேல்லையடா."

"ஏன், வேற ஆரைச் சொன்னனீ?"

"ஒருத்தரையும் சொல்லேல்லை. எனக்கு எதிரி இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அமிர்தநாயகத்தின் முகம் மாறியது. முதலில் அது ஏமாற்றம். பிறகு வேறொன்று.

"எதிரி இல்லை எண்டோ? மூண்டு வருசமா உன்ர ஒவ்வொரு பிரேரணைக்கும் எழும்பி நிண்டு எதிர்த்தது ஆர்? கழுதைப் பட்டிக்குக்கூட எதிர்த்து வாக்குப் போட்டனான்! அப்ப என்னை நீ ஒரு ஆளாவே எடுக்கேல்லை?"

"டேய், நான் உன்னைக் காப்பாத்தியிருக்கிறன்."

"நான் கேட்டனானோ காப்பாத்தச் சொல்லி? சேட்டு மினுக்கிக்கொண்டு வந்து நிக்கிறன்! என்ர மனுசிக்குக்கூடச் சொல்லியாச்சு. இப்ப வீட்டுக்குப் போய் என்னெண்டு முகத்தைக் காட்டுறது?" விரலைக் கிறகரியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். "கேள். இண்டையிலயிருந்து நான்தான் உனக்கு எதிரி. உன்னை அடுத்த தேர்தலில இருந்த இடம் தெரியாமல் ஆக்காட்டி என்ர பேர் அமிர்தநாயகம் இல்லை."

"இதைக் கால் மணித்தியாலத்துக்கு முன்னம் இப்பிடி நெஞ்சாரச் சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் உதவியா இருந்திருக்கும் மச்சான்."

"மச்சான் எண்டு கூப்பிடாதை!"

பஸ் நிலையம் வரை இருவரும் வீதியின் இரண்டு பக்கத்தாலும் நடந்தார்கள். பஸ்சில் ஒரே ஒரு இருக்கைதான் காலியாக இருந்தது. அது இரண்டு பேர் இருக்கக்கூடிய இருக்கை. தோட்டவெளிச் சந்தி வரும்வரை தோளோடு தோள் இடிபட, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நத்தார் வந்தது. கிறகரி புதுப் பட்டியைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். பட்டியில் ஒன்றும் தொங்கவில்லை. அதைப் பார்க்கவென்றே வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தை மாதக் கூட்டத்தில் தவிசாளரே கேட்டுவிட்டார், "உறுப்பினர் கிறகரி, அந்தத் துவக்கு விசயம்?"

பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர் எழுந்தார். பதினைந்து நிமிடம் பேசினார். ஒவ்வொரு குடிமகனுக்கும் தன்னைக் காக்கும் உரிமை உண்டு என்ற கொள்கையில் ஒரு மயிரளவும் மாற்றமில்லை என்றார். எதிர்வரிசையில் அமிர்தநாயகம் மூன்று தடவை ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி, முகம் சிவக்க மேசையில் அடித்து, மண்டபத்தைவிட்டு வெளியேறி, குடையை எடுக்கத் திரும்பி வந்து, மறுபடியும் வெளியேறினார். அமிர்தநாயகம் அவ்வளவு நன்றாகப் பேசியதை அதற்கு முன் எவரும் கேட்டதில்லை.

"அப்ப நீங்கள் ஏன் எடுக்கேல்லை?" என்று யாரோ கத்தினார்கள்.

"கொள்கை வேற," என்றார் கிறகரி, இருக்கையில் அமர்ந்துகொண்டே. "விண்ணப்பம் வேற."